புரியாத வரைக்கும்

எலியா ஆற்று மணலில் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்ற செய்தி, அவன் வீடு திரும்புவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. குழாயடியில் சொர்ணாம்பாளிடம் அதைச் சொன்னவள் அத்தோடு நிறுத்தவில்லை. கையை ஆட்டுகிறானாம், நடுவில் சிரிக்கிறானாம், அதெல்லாம் அவங்க நாட்டு மந்திரமாம், பொம்பளை தனியாக இருக்கிற வீட்டில் இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்கினாள்.

எலியா தான்சானியாக்காரன். மலையோரத்து ஊர். பீங்கான் தொழில் படித்துவிட்டு வந்தால் தலைநகரத்தில் வரப்போகும் ஆலையில் வேலை என்று சொல்லி அவன் நாட்டு அரசாங்கம் அனுப்பி வைத்திருந்தது. கப்பலில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில் மாறி மாறி, அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆனி மாதத்தில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினான். அவனைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது. ஆடி முடிவதற்குள் தெருவுக்குப் பழகிவிட்டது. அவனுக்குத்தான் பழகவில்லை.

பயிற்சி நிலையத்தில் தங்க இடமில்லை என்று சொர்ணாம்பாள் வீட்டின் முன்னறையைப் பேசிவிட்டிருந்தார்கள். அவளுடைய புருஷன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து காய்ச்சலில் செத்துப்போய் ஆறேழு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கண்ணம்மாளை வேப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. சம்பந்தி வீட்டுக்காரர்கள் லாரிகள் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார்கள். சொர்ணாம்பாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை.

அன்றைக்கு எலியா செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"தம்பி, ஆத்துல யார்கிட்ட பேசுறீங்க?"

அவனிடம் அப்போது இருந்த தமிழ், சாப்பாட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டும் போதுமானது. யோசித்து யோசித்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"எங்க ஊரு பேச்சு, அக்கா. இங்க ஆளு இல்ல. பேசல... மறந்து போவும்."

நாக்கைத் தொட்டுக் காட்டினான். சொர்ணாம்பாள் உடனே சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு ஆத்துக்குப் போவணும்? ஊரே பார்க்குது. இங்கியே பேசுங்க. எங்கிட்ட பேசுங்க. நான் ஒக்காந்து கேக்குறேன்."

முறத்தில் பருப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தும் விட்டாள். எலியாவுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஆரம்பித்தான். பயிற்சி நிலையத்தில் களிமண் கூழை அச்சில் ஊற்றுவது, அச்சைப் பிரிக்கும்போது பொம்மையின் கை கையோடு வந்துவிட்டது, ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஆசிரியர் தமிழில் பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் தன் நாட்டுப் பேச்சான சுவாஹிலியில் சொன்னான். அவன் மூச்சு விடும் இடமெல்லாம் பார்த்து அவள் 'ம்' என்றாள். மணல் அப்படிச் சொல்லாது. அந்த ஒரு சத்தம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

தினமும் பொழுது சாயும் வேளையில் இது நடந்தது. அவன் பேசுவான், அவள் ஏதாவது வேலையைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள். ஐப்பசி மழையில் ஒருநாள் அவன் பேசி முடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இப்ப நான் பேசுறேன். நீங்க கேளுங்க," என்றாள்.

கடகடவென்று பேசினாள். எலியாவுக்கு அவள் மகளின் பெயரும் 'வேப்பூரு' என்ற சொல்லும் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இடம் பார்த்து 'ம்' சொன்னான். பேசி முடித்தபோது அவள் முகம், தலைச்சுமையை இறக்கி வைத்தவள் முகம்போல இருந்தது. மறுநாளும் பேசினாள். இப்படியாக ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே இரண்டு பேரும் நெருக்கமானார்கள்.

தமிழை அவனுக்குப் பேசப் பழக்கியது மாணிக்கவேல். பயிற்சி நிலையத்துச் சூளைக்கு நெருப்புப் பார்க்கிற ஆள். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. வாய் ஓயாது. பீங்கான் கப்பு உடைந்தால் அதற்கு ஒரு கதை, பீடி அணைந்தால் அதற்கு ஒரு கதை. எலியாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவனுக்குப் புரிகிறதா என்ற கவலையே இல்லாமல் நாளெல்லாம் பேசுவார். ஏற்கெனவே மூன்று பாஷை தெரிந்தவன் எலியா. நாலாவது பாஷை அவனுக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. தை பிறந்தபோது சூளையடியில் யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் அவனும் கூடவே சிரித்தான்.

வீட்டில் மட்டும் பழையபடி 'சோறு', 'தண்ணி', 'போதும்' என்ற சொற்கள்தான். வேண்டுமென்று அவன் அப்படிச் செய்யவில்லை. அக்காவிடம் பேசுகிற தமிழ் அதுதான் என்று ஆகிப்போயிருந்தது.

பொங்கல் கழிந்த ஒரு மாலையில் அது நடந்தது. சொர்ணாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டே வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். எலியா வழக்கம்போல 'ம்' சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று அவள் சொல்வது முழுசாக அவனுக்குள் வந்து விழுந்தது.

"அந்தாளு, கட்டிக்கிட்டு வூட்டுக்கு வரியான்னு கேட்டு ரெண்டு வருசமாவுது தம்பி. நெருப்புக்கிட்ட நின்னு நின்னு மூஞ்சி கருத்துப்போன மனுசன். தப்பா ஒரு பார்வை கெடையாது. ஆனா எங்க ஆளுங்க இல்ல அவரு. என் மவ மாமியா காதுக்குப் போச்சுன்னா அவள வாழ வுடுவாளா?"

மாணிக்கவேலைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததும் எலியா 'ம்' சொல்ல மறந்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் 'ம்' என்றான்.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தான். அவள் இதையெல்லாம் தன்னிடம் சொல்வது தனக்குப் புரியாது என்ற ஒரே காரணத்தால்தான். நாளைக்கே சொல்லிவிட வேண்டும், 'அக்கா, எனக்கு இப்போது தமிழ் தெரியும்' என்று. ஆனால் சொன்னால் அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள். ஒருவேளை கேட்பதையும் நிறுத்திவிடலாம். இந்த ஊரில் அவனுக்கென்று ஒரு மனுஷர் உட்கார்ந்து காது கொடுக்கிற நேரம் அது ஒன்றுதான். அதை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனான்.

பகலெல்லாம் மாணிக்கவேல் பக்கத்தில் நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சூளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல, "அக்கா நல்லா இருக்குறாங்களா?" என்பார். "இருக்குறாங்க" என்பான் எலியா. அதற்குமேல் இரண்டு பேரும் நெருப்பைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் அந்த மனுஷரிடம் கதை இருக்காது.

மாசி மகத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வந்து போன பிறகு, மாணிக்கவேலுக்கு ராணிப்பேட்டையில் ஒரு பீங்கான் ஆலையில் வேலை கிடைத்தது. சித்திரை பிறக்கிறபோது அங்கே இருக்க வேண்டும். அதைச் சொர்ணாம்பாளே அவனிடம் சொன்னாள், புரியாது என்று நினைத்துக்கொண்டு.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன்னு நேத்து மார்க்கெட்டுல வந்து நின்னாரு. நாளைக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கிறேன். மவ வாழ்க்க முக்கியமில்லியா? எனக்கு இனிமே என்னா இருக்குது? நான் நெனைக்கிறது சரிதான தம்பி?"

இப்படி எத்தனையோ முறை அவனைக் கேட்டிருக்கிறாள், சுவரைக் கேட்பதுபோல. அவனும் 'ம்' சொல்லியிருக்கிறான். அன்று வாய் முந்திக்கொண்டது.

"வேணாங்கக்கா. அப்படிச் சொல்லிடாதீங்க. அவரு நல்ல மனுசன்."

சொர்ணாம்பாளின் கை அப்படியே நின்றது. சொன்னது என்ன என்பதைவிட, அவன் சொன்ன விதம்தான் அவளைத் தாக்கியிருக்க வேண்டும். தடுமாற்றமில்லாத, சூளைக்காரர்கள் பேசுகிற அதே பேச்சு.

"எப்பலேருந்து புரியுது?"

"பொங்கலுக்கு அப்புறம்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் தட்டு வந்தது, தண்ணீர்ச் செம்பு வந்தது, அவள் குரல் வரவில்லை. மாணிக்கவேலுக்கும் அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது சூளையடியில் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பீடி பற்றவைத்துவிட்டு இழுக்க மறந்தார். எலியா மறுபடி ஆற்றுக்குப் போய்ப் பார்த்தான். மணலில் நின்று வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. யாரும் 'ம்' சொல்லாத இடத்தில் பேச அவனால் இனிமேல் முடியாதென்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் முற்றத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள்.

"அக்கா, ஒங்க பேச்ச நான் திருடிட்டேன். தப்புதான். என் பேச்சு ஒங்களுக்குத் தெரியாது. அது ஞாயம் இல்ல. இத்தினி நாளா நான் சொன்னத எல்லாம் இப்ப ஒங்க பாசையில சொல்றேன். கேக்குறதுன்னா கேளுங்க."

 உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"மொத மாசம் நீங்க குடுத்த கொழம்ப நான் தின்னல. காரம். கண்ணுல தண்ணி வந்துச்சு. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு, பின்னால போயி நாய்க்குப் போட்டேன். களி மட்டும்தான் தின்னேன். எங்க ஊருலயும் அப்படியே இருக்கும், மக்காச்சோள மாவுல."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கோபமா என்று தெரியவில்லை.

"எங்க ஊருல சட்டி பண்றது பொம்பளைங்க வேல. எங்கம்மா பண்ணும். ஆம்பள நான் இதப் படிக்க வந்தேன்னு கூட்டாளிங்க சிரிச்சாங்க. வேற படிப்பு எனக்குக் கெடைக்கல. அத யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டதான் சொன்னேன். அப்புறம் ரெஹேமா. நான் கட்டிக்கப் போற பொண்ணு. மூஞ்சி ஞாபகம் இருக்குது அக்கா. கொரலு மறந்துபோச்சு. எப்படிப் பேசுவா, எப்படிக் கூப்புடுவா, ஒண்ணும் வர மாட்டேங்குது. அதுக்குத்தான் ஆத்துல அவ மாதிரி பேசிப் பேசிப் பார்ப்பேன்."

சொர்ணாம்பாள் கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"ரெஹேமாங்கிறது பொண்ணா? தெனத்திக்கும் நூறு தடவ சொல்லுவீங்க, ஒங்க சாமி பேருன்னு நெனச்சி நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். எலியா எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே 'ம்' என்றான்.

மறுநாள் காலையில் அவள் வேப்பூர் பஸ்ஸில் ஏறினாள். இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். காலைக் கழுவிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"மவகிட்ட நானே சொல்லிட்டேன். இன்னொருத்தர் வாயால கேக்குறதுக்கு நான் சொல்லிடுறது மேலு. கத்துனா. கடையில சாப்புடுறவங்கள்லாம் திரும்பிப் பார்க்குற மாதிரி கத்துனா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதன்னு மாமியா சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு வந்தேன். பின்னாலியே ஓடியாந்தா. ஒரு வார்த்த பேசல. சீட்டு புடிச்சி ஒக்கார வச்சிட்டு, பஸ்ஸு கெளம்புற மட்டும் கீழ நின்னா. கையில தூக்குவாளி வேற. சோறு." செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது போதும் எனக்கு."

பங்குனியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம் நடந்தது. சூளைக்காரர்கள் நாலு பேர், எலியா, அவ்வளவுதான் கூட்டம். பக்கத்து ஊரில் இருந்த, செத்துப்போன புருஷனின் தம்பி வீட்டார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணம்மாளும் வரவில்லை. மாலையை எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது மாணிக்கவேல் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திணறினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு கதையும் வரவில்லை.

அவர்கள் ராணிப்பேட்டை போனபின் எலியா வேறு அறைக்கு மாறினான். படிப்பு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கியிருந்தது. இப்போது அவனுக்குக் கடைத்தெருவில் நண்பர்கள் உண்டு. தமிழில் சண்டை போடுவான், பேரம் பேசுவான், சினிமா கொட்டகையில் விசிலடிக்கிறவர்களோடு சேர்ந்து அடிப்பான். சுவாஹிலியை மட்டும் கடிதத்தில் எழுதினான். முற்றத்தில் உட்கார்ந்து பேசிய அந்த மாதிரிப் பேச்சு அவனுக்கு யாரோடும் அமையவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ராணிப்பேட்டைக்குப் போனான். ஆலைக்குப் பக்கத்தில் ஓட்டுவீடு. கண்ணம்மாள் பிள்ளைத்தாய்ச்சி என்றும், ஐந்தாம் மாதத்தில் புருஷனுக்குத் தெரியாமல் ஒருநாள் வந்து போனாள் என்றும் சொர்ணாம்பாள் சொன்னாள். மாணிக்கவேல் அந்த ஊர்ச் சூளையையும் அதன் மேஸ்திரியையும் திட்டித் தீர்த்தார். அவள் அவரைப் பார்த்து, "போதும், தம்பி சாப்புடட்டும்" என்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. எலியா கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகப் பதில் சொன்னாள். இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துத்தான் எடுத்து வைத்தாள். வெயில், தண்ணீர்க் கஷ்டம், அரிசி விலை. புரிந்துகொள்கிற ஒருவனிடம் பேசுகிற பேச்சு அது.

எலியாவுக்கு முதலில் அது கொஞ்சம் வலித்தது. சாப்பாடு ஆனபின் அவள் கொல்லைப்பக்கம் பாத்திரம் துலக்கப் போனாள். மாணிக்கவேல் பீடியோடு அவளுக்குப் பின்னாலேயே போய்ப் படியில் உட்கார்ந்தார். அவள் கடகடவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கிணற்றடிச் சத்தத்தில் எலியாவுக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. நடுநடுவே அவர் 'ம்' என்பது மட்டும் கேட்டது.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று வாசலில் நின்றான்.