பிந்திப் பூத்த பூ

எங்கள் அப்பா ரத்தினசாமி வள்ளி கும்மி பழகப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருப்பூர் வீரபாண்டியில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிற ஆளே தவிர ஆடுகிற ஆள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போது, வள்ளி முருகன் கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் இந்தக் கும்மியை ஆடாதவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். சாயங்காலம் ஆனால் காலி இடம் எல்லாம் கும்மி வகுப்பு. அப்பாவும் சேர்ந்தார். அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும் முன்பே சட்டை தைத்தார்.

நான் சுபஸ்ரீ, அவருடைய ஒரே மகள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பட்டன் நிறம் மாறியதற்கும் லேபிள் கோணலானதற்கும் வெள்ளைக்காரர்களிடம் மெயிலில் மன்னிப்புக் கேட்டே இளமை தீர்ந்துவிடும் போலிருந்தது. அதனால் வேலையை விட்டுவிட்டு, மேடை நிகழ்ச்சிகளுக்குப் புரொஜெக்டரில் காட்சி போடும் தொழிலுக்கு வந்தேன். சும்மா ஓடுகிற வீடியோ இல்லை. மைக்கில் விழும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியே நிறமாகவும் உருவமாகவும் மாற்றித் திரையில் காட்டும். மேளம் அதிர்ந்தால் மயில் தோகை விரியும். பாட்டு ஏறினால் மலை எழும்பும். வேலையை விடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது, அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "செய் கண்ணு" என்றார். இப்படி ஒரு அப்பா திருப்பூரில் யாருக்குக் கிடைப்பார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அப்பாவின் குழுவுக்கு அவிநாசியில் அரங்கேற்றம். காட்சிகள் என் பொறுப்பு. கும்மி என்றாலே கைத்தட்டல்தான் என்பதால், ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் வேங்கைப் பூ பூக்கும்படி செய்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து தட்டினால் திரை முழுக்கக் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. முதல் ஒத்திகையில் அதைப் பார்த்துப் பெண்கள் வரிசை வாயைப் பிளந்தது. என் தலை கொஞ்சம் கனத்தது.

அப்புறம்தான் கவனித்தோம். கொத்தாகப் பூத்து முடிந்ததும், ஆண்கள் முன்வரிசை மைக்குக்கான ஓரத்தில் ஒத்தையாக ஒரு பூ பூத்தது. அடுத்த தட்டுக்கும் அதே மாதிரி, எல்லாம் பூத்து உதிர்ந்த பிறகு சாவகாசமாக ஒன்று.

கும்மி ஆசிரியை சித்ரகலா பாட்டை நிறுத்தினார். அவர் குரலுக்கு மைக்கே அதிகம். "அந்த ஒத்தைப் பூ ஆருங்க? ஆம்பளைங்க முன்வரிசைலதான் வருது. திருந்துலைன்னா அரங்கேத்தத்துல ஆட முடியாதுங்க. வெளிய நின்னு வேடிக்கைதான் பாக்கோணும்."

அப்பா உடனே கை தூக்கினார். "நீங்க சொல்றதுதானுங்க செரி டீச்சர். அப்படியே பண்ணிப்போடுங்க."

பக்கத்தில் நின்ற சுப்பண்ணன், அப்பா தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து அவரை முறைத்தார். அவரும் நிட்டிங் யூனிட்காரர்தான். இருவருக்கும் முப்பது வருட நட்பு, முப்பது வருடப் போட்டி.

இடைவேளையில் மைக்கைச் சரிசெய்ய அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன். "அப்பா, சித்த நகருங்க." நகரவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்ற பெண்கள் நகர்ந்தார்கள், அப்பா நகரவில்லை. என் நிழலைப் பார்த்துத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நேருக்கு நேர் நிற்கவைத்துக் கேட்டேன். "எவ்வளவு நாளாக் காது கேக்கறதில்லீங்கப்பா?"

"கேக்காம என்ன? கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "எந்நேரமும் மெஷினுக்கு நடுவுலயே நிக்கறேனல்ல கண்ணு. மூஞ்சியைப் பாத்துப் பேசுனாப் புரியுது. பாட்டுன்னா அடுத்த ஊர்ல பாடற மாதிரி இருக்குது. பக்கத்துல சுப்பண்ணன் தட்டுனதும் நானும் தட்டறேன்."

"டீச்சர் வெளிய அனுப்பறேன்னதுக்கு நீங்கதான முன்னால கை தூக்குனீங்க?"

"அதைத்தான் சொன்னாங்களா?"

அந்த நிமிடம் எனக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப நான் வேலையை உடறேன்னப்ப, செய் கண்ணுன்னீங்களே?"

"எந்த வேலையை?" அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏஞ்சாமி, நீ கம்பெனிக்கு ஊட்ல இருந்தே வேலை செய்யறீன்னல்ல நெனச்சுட்டிருக்கறேன்!"

ஊரெல்லாம் நான் பீற்றிய சம்மதம் அந்த மொட்டை மாடியில் காற்றோடு போனது. அப்பா வியாபாரி. முதலில் அவர்தான் இறங்கி வந்தார். "செரி உடு. என்ற காது சங்கதியை நீ ஆருகிட்டயும் சொல்லாத. உன்ற வேலை சங்கதியை நானும் கேக்குல."

"காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டுனா என்னங்கப்பா?"

"மாட்டிட்டுப் போனா எவன் என்கிட்ட யாவாரம் பேசுவான்? கெழவன்னு ஒதுக்கிப்போடுவான்." மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆடோணும் கண்ணு. இத்தனை வருசம் மெஷினைத் தவிர ஒண்ணுந் தெரியாம இருந்துட்டேன். இது நெம்பச் சந்தோசமா இருக்குது. வெளிய அனுப்பிட்டா எனக்குத் தாங்காது."

அப்பா எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் இன்னொரு புரொஜெக்டரை உயரத்தில் கட்டி, தரையைப் பார்க்கத் திருப்பினேன். மேளத்துக்குத் தனி மைக். ஒரு அடி விழுந்ததும் வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பச்சை வெளிச்ச வளையம் கிளம்பும். முந்தைய அடிகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, அடுத்த அடி விழும் நேரத்தில் ஆடுகிறவர்களின் காலைத் தொடும். தொட்டதும் தட்ட வேண்டும், காதே தேவையில்லை. ஒரு வாரம் மாலை முழுக்க, பதிவு செய்த மேளத்தை ஓடவிட்டு, அப்பா அந்த வளையத்தோடு மாடியில் பழகினார். கீழ்வீட்டுக்காரர்கள் கூரை இடிகிறது என்று புகார் சொன்னார்கள். அடுத்த ஒத்திகையில் அதையே மைதானத்தில் கட்டியதும் ஒத்தைப் பூ காணாமல் போனது. சுப்பண்ணன் திருந்திவிட்டதாக எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

அரங்கேற்ற நாளன்று அம்மா வழிச் சொந்தம் மொத்தமும், யூனிட் ஆட்களும், நூல் வியாபாரிகளும் வந்திருந்தார்கள். அத்தனை பேரையும் கூப்பிட்டது அப்பாதான். காட்சி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மைதான விளக்குகளை நான் அணைக்கச் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு பாட்டும் அமர்க்களம். வளையம் காலைத் தொட, அப்பாவின் கை சரியாகத் தட்ட, திரையில் வேங்கைப் பூ கொட்டியது.

மூன்றாவது பாட்டில் ஏதோ இழுவை தெரிந்தது. வள்ளியை யானை துரத்துகிற இடம். யானை நடந்து வருவது போலிருந்தது. அப்புறம் நின்று யோசித்து வருவது போலிருந்தது. மேளக்கார இளங்கோவைப் பார்த்தேன். பையன் வாயைத் திறந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வளையம் காலைத் தொட்ட பிறகு அடித்தான். அவன் அடித்த பிறகு வளையம் கிளம்பியது. அவன் வளையத்துக்காகக் காத்திருக்க, வளையம் அவனுக்காகக் காத்திருக்க, ஆடுகிற மொத்தக் கூட்டமும் பாட்டை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஆட, கும்மி பேட்டரி இறங்கிய டேப் ரெக்கார்டராக இழுத்தது. சித்ரகலா மூச்சுப் பிடித்துப் பாடி முகம் சிவந்து, அணை என்று என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

அணைத்தால் கும்மி பிழைக்கும். ஆனால் அப்பா அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். சித்ரகலா மறுபடியும் கை காட்டினார். அணைத்துவிட்டேன்.

தரை இருண்டது. இளங்கோ பயந்து மேளத்தை நிறுத்தினான். மேளம் நின்றதால் பாட்டு நின்றது, பாட்டு நின்றதால் ஆட்டம் நின்றது. அந்த அமைதியில் யாரோ ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். திரையில் ஒத்தையாக ஒரு பூ. அடுத்து இன்னொரு பூ. மாடியில் பழகிய அதே வேகம், நூல் பிடித்த மாதிரி.

எல்லாம் நின்றுவிட்டது அப்பாவுக்குத் தெரியவில்லை.

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. இளங்கோ சுதாரித்து அந்தத் தட்டைப் பிடித்தான். சித்ரகலா விட்ட இடத்தில் பாட்டை எடுத்தார். இருட்டிலேயே மொத்த வரிசையும் அப்பாவின் கையோடு சேர்ந்துகொள்ள, யானை ஒருவழியாக ஓட ஆரம்பித்தது. நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சிரித்துக்கொண்டும்தான்.

முடிந்து விளக்குகள் எரிந்ததும் சித்ரகலா அப்பாவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். "எல்லாரும் நின்னுட்டப்ப நீங்க மட்டும் நிக்காம எப்படிங்க ஆடுனீங்க?" என்று மைக்கை நீட்டினார்.

அப்பா அவர் வாயை உற்றுப் பார்த்தார். "நின்னுட்டாங்களா? ஆரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா என்னைத் தேடிப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கும். பிறகு, மெஷினுக்கு நடுவில் கத்துகிற அதே குரலில் மைதானமே அதிரச் சொன்னார். "எனக்குக் காது கேக்காதுங்க. நெம்ப வருசமா."

யாரும் சிரிக்கவில்லை. நூல் வியாபாரிகளை நான் பயந்து பயந்து பார்த்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சுப்பண்ணன். "எனக்கு எடது காது சுத்தமாப் போச்சுங்க. நான் டீச்சர் கால் சலங்கையைப் பாத்துத்தான் ஆடறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை. அப்புறம் நூல் வியாபாரிகள் பக்கத்தில் இரண்டு. அப்புறம் எங்கள் யூனிட் ஃபோர்மேன். ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பேரா என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

சித்ரகலா மைக்கை வாங்கினார். "அப்ப நாலு மாசமாத் தொண்டை கிழிய நான் ஆருக்குங்க பாடுனேன்?"

அதை அவர் வாயசைவில் பிடித்துவிட்ட அப்பா அவசரமாக அவர் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். நீங்க நெம்ப நல்லாப் பாடறீங்க. பாத்தாலே தெரியுதுங்க."