பத்தொன்பது நிமிடம்

கடிதத்தை எழுதி முடித்துவிட்டாள் ரிஃபாத். அனுப்பத்தான் கை வரவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா, என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' நாளை ஆய்விதழில் அச்சுக்குப் போகவேண்டிய கட்டுரை. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, பேகம்பூர் வீட்டில் உட்கார்ந்து மூன்று வருடம் உழைத்தது.

செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தின் காந்தமானி அனுப்பிய அளவுகளில், நாற்பத்தொரு இடங்களில் காந்தப்புலம் சட்டென்று குழிந்திருந்தது. சூரியனிலிருந்து வீசும் மின்னேறிய துகள்கள், அதாவது பிளாஸ்மா, அங்கே திரண்டு நின்று காந்தப்புலத்தை விலக்குகின்றன என்று அவள் எழுதியிருந்தாள். நேற்று ஏதோ சந்தேகத்தில், கலத்தின் ஹீட்டர் எப்போதெல்லாம் ஓடியது என்ற பட்டியலை எடுத்தாள். ஒரு நாளின் நான்கு குழிகளும் ஹீட்டர் ஓடிய நேரத்திலேயே விழுந்திருந்தன. ஹீட்டரின் மின்சாரமும் காந்தமானியைக் குழப்பும். அப்படியானால் அவள் அளந்தது கிரகத்தை அல்ல, கலத்தைத்தான்.

மற்ற நாட்களைப் பார்க்கத் தைரியமில்லை. 'எனக்கு அப்பவே தெரியும், நீ இவ்வளவுதான்' என்று உள்ளே ஒன்று காத்திருந்ததுபோல உடனே ஒப்புக்கொண்டது. தவறைவிட அந்த அவசரம்தான் அவளை நோகடித்தது.

கூடத்தில் அத்தா பக்ருதீன் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு; தோல் மண்டி விடுமுறை. அடுத்த வீட்டு டிவியிலிருந்து 'ஓ'வென்று கூச்சல் எழுந்தது.

"அங்கிட்டு அவுட்டே ஆயிட்டான். உங்க போன்ல இன்னும் பந்தைத் தொடைச்சுக்கிட்டு நிக்கிறான்." அடுப்படியிலிருந்து அம்மா குர்ஷித் பேகம் சிரித்தாள். "முடிஞ்சு போனத என்னத்துக்கு இம்புட்டு உத்துப் பாக்குறீக?"

"நெட்டு மெதுவா வருது. நீ செத்த சும்மா இரு. எனக்கு அவன் இன்னும் அவுட்டாகல."

ரிஃபாத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

ஹீட்டர் பட்டியலின் நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம்? தலைப்பைத் தேடினாள். 'தரைநிலையத்தில் பெறப்பட்ட நேரம்.' காந்தமானியின் நேரமோ கலத்திலேயே குறித்தது. அன்று செவ்வாயிலிருந்து செய்தி பூமிக்கு வந்துசேரப் பத்தொன்பது நிமிடம். அதை அவள் கழிக்கவே இல்லை. மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம்.

கழித்தாள். நான்கு குழிகளும் ஹீட்டரை விட்டு விலகிப் போயின. மற்ற நாட்களையும், அந்தந்த நாளின் தாமதத்தைக் கழித்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது குழிகளின்போது ஹீட்டர் அணைந்தே கிடந்தது. இரண்டு மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டன.

அந்த இரண்டையும் நீக்கினாள். வலிக்கும் என்று நினைத்தாள், வலிக்கவில்லை. அவை போனதால்தான் மற்றவற்றை முழுசாக நம்ப முடிந்தது. எழுதிய கடிதத்தை அழித்துவிட்டு, 'நாற்பத்தொன்று என்பதை முப்பத்தொன்பது எனத் திருத்தவும். காரணத்தை இணைத்துள்ளேன்' என்று அனுப்பினாள்.

"நேத்துலருந்து ஒரு வாய் ஒழுங்காத் திங்கல," என்று அம்மா எட்டிப் பார்த்தாள். "இப்ப என்னடி, தன்னால சிரிக்கிறே?"

"பசிக்குதும்மா. சோத்துக்கு வெஞ்சனம் என்ன?"