கதவைத் திறந்துவிடும் டாக்டர்

பயிற்சிக்கு வந்தவர், பயிற்சி கொடுப்பவரைவிட ஒன்பது வயது மூத்தவர். முதல் நாளே இரண்டு பேருக்கும் இது தர்மசங்கடமாகப் போயிற்று. டாக்டரம்மா அவரை 'சார்' என்றார். அவர் டாக்டரம்மாவை 'மேடம்' என்றார். யாருக்கு யார் எழுந்து நிற்பது என்று புரியாமல், முதல் வாரம் முழுக்க இருவரும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

வந்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். அதை விட்டுவிட்டுக் குடும்ப டாக்டராக வேண்டுமென்று கிளினிக்குக்கு வந்து அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்ததற்குக் காரணம் அவர் மகள். மனைவிக்கு வெளியூரில் வேலை. ராத்திரியில் போன் வந்தால் எட்டாவது படிக்கும் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு ஓட வேண்டும். "ஊர்ல தூங்குறவங்களுக்கெல்லாம் நீ காவல் இருக்கப்பா. நான் தூங்குறப்ப மட்டும் வீட்ல ஆளில்ல" என்றாளாம். மறுநாளே ஒரு வருஷ லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

அந்த லீவு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள், வந்தவர் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் கிளினிக்கின் இரண்டாவது அறை அவருக்கு. போடாவிட்டால் மறுபடியும் ராத்திரி டூட்டிதான்.

டாக்டரம்மா கற்றுக்கொடுக்கும் முறையே தனி. அந்த இரண்டாவது அறையின் மூலையில், நோயாளியின் முதுகுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவார். பயிற்சிக்கு வந்தவர்தான் எல்லாம் பேச வேண்டும். நோயாளி கழுத்தைத் திருப்பி டாக்டரம்மாவிடம் ஏதாவது கேட்டால், மின்விசிறியில் ஏதோ கோளாறு போல அண்ணாந்து பார்ப்பார்.

இப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தும் அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். மருந்து பிசகவில்லை. குரலோ வெண்ணெய். ஊசிக்குப் பயந்து அலறும் குழந்தைகூட அவர் மடியில் கண் சொக்கியது. டோக்கன் கொடுக்கும் அக்கா அவருக்குத் 'தாலாட்டு டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

"நேத்து அவர்கிட்ட காட்டிட்டுச் சிரிச்ச முகமா போனாங்க மேடம். இன்னைக்கு வந்து, பெரிய டாக்டரம்மாவப் பாக்கணும்ங்கறாங்க" என்று அக்கா சொல்வது மட்டும் நிற்கவில்லை.

அதுதான் டாக்டரம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது. சளி என்று வந்துபோன ஒரு பெண், மறுநாள் வந்து மார்பில் கட்டி இருப்பதாகச் சொன்னாள். சர்க்கரைக்குக் காட்டிவிட்டுப் போன பெரியவர் ஒருவர், தான் ஒரு மாதமாக மாத்திரையே போடவில்லை என்று டாக்டரம்மாவிடம் வந்து ஒப்புக்கொண்டார். இரண்டு பேருமே முந்தின நாள் இதைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? "சொல்லலாம்னுதான் இருந்தேன்மா. அதுக்குள்ள வெளிய வந்துட்டேன்" என்றார்கள்.

மறுநாள் திரும்பி வந்தவர்கள் சரி. வராமலே போனவர்கள் எத்தனை பேரோ? மனிதர் தங்கமானவர்தான், ஆனால் கையெழுத்துப் போட முடியாது. சொல்லிவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்தார்.

அன்று மாலை கடைசி ஆள் போனதும் தாலாட்டு டாக்டரின் அறைக்குள் போய் உட்கார்ந்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதையெல்லாம் பேசினார். ரத்த அழுத்தக் கருவிக்கு பேட்டரி மாற்றுவதைப் பற்றி, மழையைப் பற்றி, அவர் மகளின் பரீட்சையைப் பற்றி. நாக்கு நுனிவரை வந்ததை நாலு தடவை மென்று விழுங்கினார். போகும்போது கதவருகே நின்று போகிற போக்கில் சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

அவ்வளவுதான். மனிதர் துள்ளி எழுந்து, முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்து பிடித்தார். "பாத்துப் போங்க மேடம், படியெல்லாம் ஈரமா இருக்கு."

"தேங்க்ஸ் சார்" என்றார் டாக்டரம்மா. கதவு பூப்போல மூடிக்கொண்டது.

வராந்தாவில் நின்றபோதுதான், சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே கிடப்பது உறைத்தது. அடப்பாவி மனுஷா! இத்தனை மாதம் மூலையில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோமே, காலைப் பார்க்கவில்லையே! தட்டாமல் கொள்ளாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"சார், வர்றவங்க எல்லாருக்கும் நீங்க இப்படித்தான் கதவத் திறந்துவிடுவீங்களா?"

"மரியாதைதானே மேடம்? ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தா நான்தான் முன்னாடி போய்க் கதவப் பிடிப்பேன். இருபது வருஷப் பழக்கம்."

"ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்க பேச மாட்டாங்க சார். இங்க வர்றவங்களுக்குக் கதவுகிட்டதான் வாயே வரும். உக்காந்து முட்டிவலி சொல்லுவாங்க. கைப்பிடியில கை வெச்சப்புறம், 'அப்புறம் டாக்டர்...'னு ஒரு இழுவை இழுப்பாங்க பாருங்க, அதுக்குத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பாங்க. நீங்க அந்தக் கைப்பிடியத் தொடவே விடறதில்ல. இப்ப என்னையும் அப்படித்தான் வெளிய அனுப்பிட்டீங்க."

"அப்ப, நீங்க என்ன சொல்ல வந்தீங்க மேடம்?"

இனி மழுப்பிப் பயனில்லை. "இந்த மாசம் கையெழுத்துப் போட முடியாதுன்னு சொல்ல வந்தேன்."

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "இனிமே ராத்திரி வீட்லதான் இருப்பேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

"மாசம் முடிய இன்னும் நாள் இருக்கு. நாளையிலேர்ந்து யார் எழுந்து போனாலும் நீங்க நாற்காலிய விட்டு அசையக் கூடாது."

"திமிர் புடிச்சவன்னு நினைப்பாங்களே?"

"நினைச்சுட்டுப் போகட்டும்."

சொல்வது சுலபம். மறுநாள் ஒவ்வொரு நோயாளி எழும்போதும் அவர் உடம்பு தானாகக் கிளம்பியது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே கீழே அமுக்கினார். "பாவம், டாக்டருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சாம்மா? எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு" என்று ஒரு அம்மா அக்காவிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஆள் கனத்த உடம்பு. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. முட்டிவலி என்றார். தாலாட்டு டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, மாத்திரை எழுதி, நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். டிரைவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கைப்பிடியில் கை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது.

"அப்புறம் டாக்டர்... ஒண்ணுமில்ல, விடுங்க."

மூலையில் டாக்டரம்மாவுக்குக் கால் விரல்கள் சுருண்டன. தாலாட்டு டாக்டர் அசையவில்லை. வாயையும் திறக்கவில்லை.

டிரைவர் கதவைப் பார்த்தபடியே பேசினார். "சிக்னல்ல நின்னேன். பச்சை விழுந்தது தெரியல. பின்னாடி ஹாரன் அடிச்சப்பதான் முழிச்சேன். பஸ் நிறைய ஆளுங்க. இது ரெண்டாவது தடவ."

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று வெண்ணெய்க் குரல் ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது. "வாங்க. வந்து உக்காருங்க. ராத்திரி குறட்டை விடறீங்கன்னு வீட்ல திட்டறாங்களா?"

"திட்டறதா! பயப்படறா டாக்டர். மூச்சு நின்னுபோச்சோன்னு உலுக்கி உலுக்கி எழுப்பறா."

தூங்குகிறவர்களின் மூச்சைக் கண்கொட்டாமல் பார்த்தே இருபது வருஷம் கழித்தவர் அவர். முகமே மாறிவிட்டது. தூக்கத்தில் தொண்டை எப்படி அடைத்துக்கொள்கிறது, ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவித்த உடம்பு பகலில் எப்படிக் கண்ணை மூடுகிறது என்று தன் கழுத்தையே தொட்டுக் காட்டி விளக்கினார். பரிசோதனை உண்டு, சரிசெய்ய வழியும் உண்டு என்றார். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: "அதுவரைக்கும் நீங்க பஸ் ஓட்டக் கூடாது."

"என்ன டாக்டர் விளையாடறீங்க? ஓட்டலன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" டிரைவர் சட்டென்று மூலைப்பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க பெரியவங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

அதைக் கேட்டு, மேசைக்கு அந்தப் பக்கமிருந்தும் இரண்டு கண்கள் டாக்டரம்மாவிடம் வந்தன. காப்பாற்றுங்கள் மேடம் என்று அவை கெஞ்சின.

டாக்டரம்மா எழுந்தார். "அவருதான் உங்க டாக்டர். எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன மேடம், அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"இல்ல. அங்க நேரமாகும். எனக்காகக் காத்திருக்கறவங்கள என் ரூமுக்கு அனுப்பு. அந்த ரூம் இனிமே அவரோடது."

"தனியாவா?" அக்கா கேட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து டிரைவரின் குரல் கூரையைத் தொட்டது. ஊருக்குள் வேறு டாக்டரே இல்லையா என்றார், பிள்ளைகுட்டிக்காரன் வயிற்றில் அடிப்பதா என்றார். அதற்குப் பதிலாக, ஏறாமலும் இறங்காமலும் இன்னொரு குரல் கேட்டது. டிப்போவில் அதுவரை வேறு வேலை கொடுக்கச் சொல்லித் தானே மேனேஜரிடம் பேசுவதாக அது சொல்லிக்கொண்டிருந்தது.

"ஐயோ மேடம், இந்தக் கத்து கத்தறாரே! போய்ப் பாக்கலையா?"

"கத்தட்டும்" என்றார் டாக்டரம்மா, அடுத்த டோக்கனை வாங்கிக்கொண்டே. "வெளிய போய்க் கத்தாம உள்ளயே கத்தறாருல்ல."