பச்சை வாளி

எங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரிக்காத வீட்டின் கதவுக் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டுவது என் பொறுப்பு. பச்சை வாளியில் ஈரக் குப்பை, நீல வாளியில் காய்ந்த குப்பை. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் குழந்தையின் டயப்பரைத் தக்காளித் தோலோடு போட்டுவிட்டு என்னிடம் பல்லைக் காட்டுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'குப்பை கலெக்டர்' என்று பேர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொஞ்ச நாளாக மூன்றாம் மாடியில் அண்ணியின் பச்சை வாளி மட்டும் காலியாகவே இருந்தது. அண்ணன் போன பிறகு அண்ணி அங்கே தனியாக இருக்கிறாள்.

"காலின்னா என்ன அர்த்தம்? ஜன்னல் வழியா கொட்டுறாங்க, இல்ல சாக்கடையில போடுறாங்க. சொந்தக்காரங்கன்னு விட்டுடாதீங்க," என்றார் சங்கச் செயலாளர்.

எனக்குச் சுருக்கென்றது. "என் அண்ணின்னா சட்டம் வளைஞ்சிடுமா? இப்பவே கட்டுறேன் பாருங்க," என்று நாடாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அண்ணி கதவைத் திறந்தாள். போட்டிருந்த உடை தோளில் நிற்காமல் வழிந்தது.

"ஈரக் குப்பையெல்லாம் எங்க போகுது அண்ணி? ஊரு முன்னாடி என் மானத்த வாங்கணுமா?"

"இருந்தாத்தானே போடுறதுக்கு."

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனேன். அடுப்பு துடைத்தது துடைத்தபடி இருந்தது. நீல வாளியில் பிஸ்கட் உறைகள் மட்டும், கழுவி, காயவைத்து, மடித்துப் போட்டிருந்தாள்.

"சமைக்கிறதே இல்லையா?"

"யாருக்குச் சமைக்க? உப்பு பத்தலன்னு கத்தறதுக்குக்கூட ஆளில்ல," என்று சிரித்தாள்.

அழுகைதான் வந்திருக்க வேண்டும். வெளியே வந்தது என்னவோ கோபம்தான்.

"எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட போய் சண்டை போடுவேன்? இனிமே சாப்பாடு எங்க வீட்லருந்து வரும். மறுபேச்சு பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிம்மா, கத்தாத."

நாடாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன். அன்று மதியமே சோறு, கீரை, அவித்த முட்டை எல்லாம் அடுக்குப் பாத்திரத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஆரஞ்சுப் பழங்கள். தோலாவது வாளியில் விழட்டுமே! சாயங்காலம் பாத்திரம் பளிச்சென்று கழுவித் திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் குப்பை எடுக்கிற பெண் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க அண்ணி வாளி இன்னிக்கு ரொம்பி வழியுது! ஒரு பிளாஸ்டிக் துணுக்குகூட இல்ல. இப்படில்ல பிரிக்கணும்!"

பெருமையாக இறங்கிப் போய் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். சோறு குவிந்து கிடந்தது. அதன்மேல் கீரை, முட்டை. ஓரத்தில், உரிக்காத ஆரஞ்சுகள்.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போய்க் கதவை இடித்தேன். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். என் முகத்தையே ஆவலாகப் பார்த்தாள்.

"வாளி நிறைஞ்சிருந்துச்சா? இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"