பூஜைத் தட்டில் ஒரு சிவராயி

அந்தக் காசு பாசிப்பச்சையாக இருந்ததா, கறுத்த பழுப்பாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கேதகி வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தும் அதன் பழைய நிறத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கேதகி ஒரு நிறம் சொல்கிறாள், அவள் அப்பா வேறொன்று சொல்கிறார்.

கேதகி அப்போது புனேயில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பழைய மராத்தாக் காசுகள் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். அதற்கு முந்தைய வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்த காசு அச்சில் வார்த்த போலி என்று தெரிந்ததும், அப்பா திகம்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை ஏமாந்தேன்னு வா, அத்தனையையும் மூட்டை கட்டிடணும். சரியா?"

"சரிப்பா."

அதனால் இணைய ஏலத்தில் ஒரு சிவராயி வந்தபோது அவள் அவசரப்படவில்லை. சிவாஜி மகாராஜா பெயர் பொறித்த செப்புக் காசு அது. விற்பவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை எல்லாம் படித்தாள். காசின் விளிம்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். அப்பாவின் கணக்கிலிருந்தே விலை கேட்டாள், மனதில் வைத்த தொகைக்கு மேல் போகவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது அப்பாவைக் கைப்பேசியில் படம்பிடிக்க வைத்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கடீ" என்றார் அவர்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. எழுத்துகளின் இடுக்கில் இருந்த பச்சை, காலம் ஏற்றிய களிம்பு மாதிரியும் இருந்தது, யாரோ பூசிய சாயம் மாதிரியும் இருந்தது. கோலாப்பூரில் இருந்த நண்பன் நிஷாதுக்குப் போன் போட்டாள். அவனும் காசுப் பைத்தியம்தான்.

"திருப்பி அனுப்பு. ஏலக்காரங்களே ஆள் வச்சுப் பார்ப்பாங்க, போலின்னா எடுத்துக்குவாங்க. ஆனா வந்த மாதிரியே போகணும். துடைக்காதே, தேய்க்காதே. உன் மூஞ்சியைக்கூடக் கிட்ட கொண்டு போகாதே, பயந்து கறுத்துடும்."

"உன் மூஞ்சியைப் பார்த்தும் கறுக்காத காசா இருந்தா அது தங்கம்டா."

தீபாவளிக்காகக் கூரியர்க்காரர்கள் கடையைச் சாத்தியிருந்தார்கள். காசைக் காகித உறையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

லட்சுமி பூஜையன்று சாமந்திப்பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது சாத்தாராவிலிருந்து வத்சலா அத்தை வந்திருந்தார். வாசலில் ரங்கோலி போட்டாகிவிட்டது. பூஜைத் தட்டில் பொரியும் பத்தாஸ் என்கிற சர்க்கரை வில்லைகளும் குவிந்திருந்தன. வருஷா வருஷம் வைக்கிற வெள்ளிக் காசுகளுக்கு நடுவே, புதிதாக வெட்டியெடுத்த செம்பு போல ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது.

கேதகி பூக்கூடையைக் கீழே வைக்கவில்லை.

"அத்தை... அது எங்க இருந்துச்சு?"

"உன் மேஜையிலதான். வெள்ளிக்காசு தேடினேன், மகாராஜாவே கிடைச்சாரு! என்னடி பொண்ணு நீ, இப்படி அழுக்கோடயா போட்டு வைப்பே? எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன் பாரு, என் முகம் தெரியுது. விடாம தேய்ச்சேன், தோள்பட்டை விட்டுப்போச்சு." அத்தை தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வருஷம் உன் காசுதான் நடுவுல. உனக்கு நல்ல இடத்துல சீட்டு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அத்தை மணியைக் கையில் எடுத்து ஆரத்தியைத் தொடங்கிவிட்டார். கேதகி கைகூப்பி நின்றாள். குங்குமம் அந்தக் காசின் மேல் விழுந்தது.

ஏலக்காரர்கள் புதுப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, வந்த நிலையில் இல்லாததைத் திரும்பப் பெற முடியாது என்று எழுதினார்கள். காசுக் கண்காட்சியில் ஒருவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எழுத்து சரியாத்தாம்மா இருக்கு. எடையும் ஒத்து வருது. ஆனா மேல்தோலே போயிடுச்சே, எதை வச்சுச் சொல்ல? அசலா இருந்திருந்தா, இதோட மதிப்பு போச்சு. போலின்னா, இனி நிரூபிக்க முடியாது."

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள்.

"அப்ப நீ ஏமாந்தியா, இல்லையா?"

"தெரியலப்பா."

மூட்டை கட்டு என்று அவர் சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடமாட்டாரா என்று பல வாரங்கள் அவள் காத்திருந்தாள். அத்தையிடம் இருவருமே வாய் திறக்கவில்லை.

நிஷாத் இப்போது கோலாப்பூரில் காசு வியாபாரம் செய்கிறான். திகம்பர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த ஏலக் கணக்கை அவர் இன்னும் மூடவில்லை. கேதகி நாசிக்கில் வங்கி வேலையில் இருக்கிறாள், அதன்பின் எந்த ஏலத்திலும் அவள் விலை கேட்டதில்லை. காசு பூஜை அலமாரியில் இருக்கிறது. வருஷம் முழுக்க மெல்லக் கறுக்கிறது, தீபாவளிக்கு வத்சலா அத்தை சாத்தாராவிலிருந்து வந்து தேய்க்கிறார்.