சீர்த்தட்டில் இல்லாத மஞ்சள்

பழந்துணியைச் சுருட்டிப் பிடித்துத்தான் வேல்சாமி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அப்படியும் கொதிதண்ணீர் சீறிக்கொண்டு வந்து மணிக்கட்டில் பட்டுவிட்டது. "யாத்தாடி!" என்று கையை உதறிப் பின்வாங்கியவர், காலடியில் இருந்த வாளியையும் தட்டிவிட்டார். கொட்டிய தண்ணீரைக் கரிசல் மண் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலக் கிடந்தது.

தெருவோடு ஆடுகளைப் பத்திக்கொண்டு போன கொம்பையா வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன அண்ணாச்சி, கார்ல காப்பி போடுதீயளோ?"

"போலே, உன் சோலியப் பாத்துக்கிட்டு."

"ஆவி பறக்குதே, ஒரு கிளாஸ் கிடைக்குமான்னு கேட்டேன்." அவன் சிரித்தான். ஆடுகளும் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துச் சித்திரை, சனிக்கிழமை மத்தியானம். கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் வேல்சாமி, அன்று கடையை அடைத்துவிட்டுத் தன் பழைய பத்மினி காரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எட்டயபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் போனார். ரயில்வே கேட்டைத் தாண்டவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. காரை உருட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

அதை மறுநாள் காலைக்குள் அவர் சரிசெய்தாக வேண்டும். எட்டயபுரத்துக்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் அய்யனார் கோவிலில் தங்கை முத்துசெல்வியின் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

போன வருஷம் அவளுடைய மூத்த மகளுக்குக் காது குத்தியபோது அந்த மடி கிடைக்காமல் போனது. வழியில் கார் கொதித்து நின்று, தண்ணீர் கசிந்து, வேல்சாமி கேனைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடி அலைந்தார். பூசாரிக்கு அடுத்த ஊரில் வேறு பூசை. யாரோ மாமன் முறைக்காரர் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். போதாக்குறைக்குச் சீர்த்தட்டில் மஞ்சள் பொட்டலம் இல்லை. காது குத்தியதும் தாய்மாமன் வீட்டு மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். தட்டைத் துழாவிப் பார்த்த முத்துசெல்வி, "மஞ்சள் எங்க மதினி?" என்று கேட்டாள். வேல்சாமியின் மனைவி சுதாராணி தலையைக் குனிந்துகொண்டு, "அவசரத்துல மறந்துட்டேன்" என்றாள். கோவில் வாசலில் பூக்கட்டுகிறவளிடம் கடன் வாங்கிப் பிள்ளையார் பிடித்தார்கள்.

அதோடு முத்துசெல்வியின் பேச்சு குறைந்துபோனது. இந்த வருஷம் பத்திரிகை வைக்கக்கூட அவள் வரவில்லை. புருஷன் மாயகிருஷ்ணன் மட்டும் வந்து, காப்பியும் குடிக்காமல், படியிறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "மச்சான், இந்தத் தடவையாவது பஸ்ல வந்துருங்க."

அந்த வார்த்தைதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இதே காரில், எல்லாருக்கும் முன்னால் போய் இறங்குவது என்று வேல்சாமி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

சுதாராணி வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, ஒரு டாக்சிக்குச் சொல்லிருவோமா?"

"அப்ப இது என்ன, மாட்டுவண்டியா?"

"கோவப்படாதீங்க. நேரத்துக்குப் போவணும்லா, அதுக்குச் சொல்லுதேன்."

"நேரத்தப் பத்தி நீ பேசாத. ஒரு பொட்டலம் மஞ்சளை ஞாபகமா எடுத்து வைக்கத் துப்பில்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

இந்த ஒரு வருஷத்தில் அவர் அதை எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். சோற்றில் உப்புக் குறைந்தால் மஞ்சள், சாவியைக் காணோம் என்றால் மஞ்சள். சுதாராணி அவருடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்தில் அவர் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தடவிக்கொண்டார்.

சூடு ஆறியதும் வேலையை ஆரம்பித்தார். ஊர்த் தெய்வம் செண்பகவல்லி அம்மனை நினைத்துக்கொண்டு, தண்ணீரை வடிக்கும் கீழ்த்திருகைத் திறந்தால், சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைக் கழற்றப் போனால் திருகாணி துருவேறி உடைந்தது. நான்கு போல்ட்டில் மூன்று வந்தன, நான்காவது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, திட்டி, மறுபடியும் ஊற்றி அதைக் கழற்றியபோது ஸ்பானர் நழுவி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. "தாயே, உன் பிள்ளைய இப்படியா சோதிப்ப?" என்று வானத்தைப் பார்த்தார். வானத்தில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

ரேடியேட்டரைத் தூக்கிச் சாக்கின் மேல் படுக்கவைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். டீக்கடைப் பாய்லருக்குள் படிவது போல வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. எல்லாம் அடிபம்பு உப்புத்தண்ணீரின் வேலை. நல்ல தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தெருக்குழாயில் வரும். அதைக் குடங்களில் பிடித்து, வெள்ளைத்துணி கட்டி மூடி, குடிக்க மட்டும் வைத்திருப்பார்கள். காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். ஊரில் எல்லாரும் ஊற்றுவதைத்தான் அவரும் ஊற்றினார்.

அடிபம்பில் வாளி வாளியாக அடித்து, அடிவாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்திக் குலுக்கினார். முதலில் துரு வந்தது. அப்புறம் வெள்ளைச் செதில்கள் வந்தன. அதற்கப்புறம் சேறு மாதிரி ஏதோ கொழகொழவென்று இறங்கி, சாக்கின் மேல் வழிந்தது. துருவின் சிவப்பு இல்லை. மஞ்சள்.

வேல்சாமி அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனார். துரு நாற்றத்துக்கும் எண்ணெய் நாற்றத்துக்கும் அடியில், சந்தேகமே இல்லாமல், பூசை அறை வாசனை.

"சுதா!"

அவள் ஈரக்கையோடு வந்தாள். அவர் விரலை நீட்டினார். அவள் விரலைப் பார்த்தாள், ரேடியேட்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"போன வருசம் நீங்க தண்ணி தேடிப் போனீயள்லா..."

"ஆமா."

"அப்ப ஒரு லாரிக்கார அண்ணாச்சி நிப்பாட்டிப் பாத்தாவ. மஞ்சத்தூள் இருந்தா போடும்மா, ஓட்டை அடைஞ்சிரும்னு சொன்னாவ. அந்த வெயில்ல கைல வேற என்ன இருந்துச்சு? தட்டுல இருந்தத எடுத்துக் குடுத்தேன். அவியதான் போட்டாவ."

வேல்சாமிக்கு அன்றைய பகல் முழுவதும் திரும்ப வந்தது. கேனோடு திரும்பியவர், கசிவு நின்றிருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போனார். போகும்முன் தான் கிளாம்ப்பை முடுக்கியதால்தான் நின்றது என்று நினைத்தார். கோவிலுக்குப் போய், பிந்தி வந்த வெட்கத்தை மறைக்க, மாயகிருஷ்ணன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரிடமும் அதையே சொன்னார். "ஒரே முடுக்கு. கசிவு நின்னுட்டு. கார் வேலை நமக்குக் கை வந்தது." அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் முத்துசெல்வி மஞ்சள் எங்கே என்று கேட்டாள்.

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"எப்படிச் சொல்ல? நீங்க அவ்வளவு பேருக்கு முன்னால கிளாம்ப்பு கதை சொல்லிக்கிட்டு இருக்கீய. நான் மஞ்சள்னு சொன்னா உங்க மூஞ்சிய எங்க வைப்பீய?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் நீங்க என்னைய ஏசிக்கிட்டே இருந்தீய. சொல்ல இடம் எங்க இருந்துச்சு?" என்றாள். அதில் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. "கொழம்பு அடுப்புல கிடக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வேல்சாமி சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தார். ஆனால் கை ஸ்பானரைத்தான் எடுத்தது.

ரேடியேட்டரை மறுபடி மாட்டி, புதுக் கிளாம்ப் போட்டு, தண்ணீர் நிரப்பிக் காரைக் கிளப்பினார். குழாய்களில் தண்ணீர் தாராளமாக ஓடியது. அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் கீழே சொட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். போன வருஷம் மஞ்சள் அடைத்து வைத்திருந்த ஓட்டை, சுத்தமாகக் கழுவிவிட்டதில், கண் திறந்துகொண்டிருந்தது.

ஓட்டை அடைக்கும் எம்சீல் பசை வாங்கி வந்து அப்பினார். காயும்வரை காத்திருந்து காரைக் கிளப்பினார். சூடேறியதும் அது அப்பளம் மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. பொழுது சாயும் நேரம். இரண்டு கையும் கருப்பு, ஒரு மணிக்கட்டு கொப்புளம், ஒரு விரலில் ரத்தம். இத்தனை பாடுபட்டும் காலையில் இருந்ததைவிடக் கார் மோசமாகத்தான் ஆகியிருந்தது.

ஆடுகளை அடைத்துவிட்டு வந்த கொம்பையா இப்போது கேலி பேசவில்லை. "ஈயம் வச்சுப் பத்தவைக்கிற பட்டறைக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சைக்கிளை எடுத்தான்.

"அப்படியே..." வேல்சாமி தொண்டையைச் செருமினார். "ஸ்டாண்டுல டாக்சி ஏதாவது கிடைக்குமான்னும் கேளு."

கதவோரம் நின்ற சுதாராணிக்கு அது கேட்டது. கேட்காதது போல இருந்துகொண்டாள்.

கொம்பையா வெறுங்கையோடு வந்தான். பட்டறைக்காரர் யாரோ இறந்துபோன துட்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். நாளைக்கு முகூர்த்த நாள், டாக்சி ஒன்றுகூட இல்லை. முதல் பஸ்ஸில் போனாலும் மெயின் ரோட்டில் இறங்கிக் காட்டுக்குள் நடந்து சேர்வதற்குள் பூசாரி போய்விடுவார்.

"முடிஞ்சு போச்சு" என்றார் வேல்சாமி. "இந்தப் பிள்ளைக்கும் மாமன் மடி இல்ல. செல்வி இனி என் வாசல மிதிக்க மாட்டா. டாக்சின்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும், சுதா. அதையும் கேக்கல."

சுதாராணி உள்ளே போனாள். வரும்போது இடுப்பில் ஒரு குடம் இருந்தது. வாயில் வெள்ளைத்துணி கட்டிய குடம். கையில் இரண்டு மஞ்சள்தூள் பொட்டலங்கள்.

"ஒண்ணு தட்டுக்கு. ஒண்ணு காருக்கு" என்றாள். "போன வருசம் நின்னதுதான? நாளைக்கு ஒரு நாள் நிக்காதா?"

"இது குடிக்கிற தண்ணில்லா? குழாய் வர இன்னும் எத்தன நாளோ."

"நாம கொஞ்சம் குறைச்சுக் குடிச்சுக்கிடுவோம். ஊத்துங்க."

கொம்பையா குடத்தை வாங்கிச் சாய்த்தான். வேல்சாமி மஞ்சளைக் கரைத்து ஊற்றினார். கார் ஓட ஓடச் சொட்டு குறைந்தது. அப்புறம் கசிவாகி, அப்புறம் வெறும் ஈரமானது. வேல்சாமி மூடியை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை பட்டறைல குடுத்துப் பத்தவச்சிருதேன்" என்றார். பிறகு, கொம்பையா நிற்கிறான் என்பதையும் பார்க்காமல், "மஞ்சளைச் சொல்லி உன்னைய ஏசினதெல்லாம் தப்புட்டி" என்றார்.

"சரி சரி, கையக் கழுவுங்க" என்றாள் சுதாராணி. கொம்பையா வேலிக்கு அந்தப் பக்கம் ஆடே இல்லாத தெருவில் ஆட்டைத் தேடுகிறவன் போல நடந்து போனான்.

மறுநாள் இருட்டுப் பிரியும்போதே கிளம்பினார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறும்போதெல்லாம் வேல்சாமி காரை ஓரங்கட்டி ஆறவிட்டார். பின்சீட்டில் இரண்டு கேன் தண்ணீர். வேகமாக ஓட்டத் தோன்றியபோதெல்லாம் தன்னை அடக்கிக்கொண்டார். அய்யனார் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசாரி இன்னும் குதிரைச் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

மாயகிருஷ்ணன் காரையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவால்லையே மச்சான், கிளாம்ப்ப நல்லா முடுக்கிட்டீயளோ?"

வேல்சாமி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் மருமகன் துள்ளினான், அலறினான், வேட்டியை நனைத்தான். காது குத்தி முடிந்ததும் முத்துசெல்வி தட்டைத் துழாவினாள். மஞ்சள் பொட்டலம் கையில் தட்டுப்பட்டதும் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"போன வருசமும் மஞ்சள் வந்துச்சு, செல்வி" என்றார் வேல்சாமி, எல்லாருக்கும் கேட்கும்படி. "உன் மதினி ஒண்ணும் மறக்கல. வழியில என் காருக்குத்தான் அதப் போட்டுட்டா. நின்னது என் கிளாம்ப்பால இல்ல, அந்த மஞ்சளாலதான். என் மானம் போயிரக் கூடாதேன்னு பழிய அவ வாங்கிக்கிட்டா."

மாயகிருஷ்ணன் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளையாருக்கு வச்சத அந்தக் காரு குடிச்சிட்டாக்கும்!" கூட்டமே சிரித்தது. வேல்சாமிக்குக் காது சூடானது. ஆனாலும் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

முத்துசெல்வி சிரிக்கவில்லை. சுதாராணியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பிள்ளையாரை நீங்க பிடிங்க மதினி" என்றாள்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவளே ஒரு செம்புத் தண்ணீரைக் காரருகே கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள். பிறகு, மிச்ச மஞ்சளைத் தாளில் மடித்துச் சுதாராணியின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வழிக்கு வச்சுக்கிடுங்க மதினி. வண்டியோட போறீய."