எடைக்கு எடை வெல்லம்

1

நான் வாய்தவறிச் சொன்ன ஓர் உபசார வார்த்தையிலிருந்தே இக்கதை பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். இதற்கு முன் நான் எழுதியவை பெண்கள் பாடசாலைக்கான வினாத்தாள்களும், தலைமையாசிரியைக்கு விடுப்பு விண்ணப்பங்களும் மட்டுமே. ஆகையால் வாசகர்கள் குறைகளைப் பொறுத்தருள வேண்டும்.

மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கும் அனந்தலக்ஷ்மியின் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு உயரமுள்ள மதில் ஒன்று உண்டு. டைபாய்டு ஜுரத்தில் நாற்பது நாள் கிடந்து பிழைத்தவள் அவள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் பல மாதங்கள் அவளை நான் சரியாகப் பார்க்கவில்லை. புரட்டாசி பிறந்த வாரத்தில் ஒரு காலை மதிலோரம் கண்டதும் உள்ளபடியே மகிழ்ந்து, "இப்போ நன்னா பூசினாப்ல இருக்கேளே!" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களுமா, டீச்சர்?"

பிறகு ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். முடிவில், "யாராவது இதை எழுதினா தேவலை" என்றாள். "நான் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றும் விளங்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கொடியிடையாளான அனந்தலக்ஷ்மி ஜன்னலோரம் நின்று பெருமூச்செறிந்து—

பொய். அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி:

அனந்தலக்ஷ்மி சற்றே பருமனானவள் என்றாலும் நற்குணம் வாய்ந்த—

இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பருமனுக்கும் நற்குணத்துக்கும் நடுவே "என்றாலும்" எதற்கு? யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? யாருடைய சார்பில்? இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை கற்பிக்கிறேன். இவ்வளவு கேவலமான வாக்கியத்தை ஒரு குழந்தைகூட எனக்கு எழுதிக் காட்டியதில்லை.

மூன்றாவது தொடக்கம்: அவள் கணவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது.

இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

3

கணவர் சீனிவாசராகவன் சர்க்கார் கச்சேரி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. நல்லவர். (இதை நான் ஏளனமாக எழுதவில்லை. நல்லவர் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.) ஜுரத்தின் இருபத்துமூன்றாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கியபோது, தெருமுனைப் பெருமாள் கோவிலுக்கு ஓடிச் சென்று பட்டாச்சாரியார் காதுபட வேண்டிக்கொண்டார்: "அனந்தா பிழைச்சு எழுந்தா, அவ எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் குடுக்கறேன்."

தராசின் ஒரு தட்டில் அவள், மறுதட்டில் வெல்லம். இரண்டும் சமமாக நிற்க வேண்டும். வேண்டுதல் அவ்வளவே. எந்த நாளின் எடை என்று பெருமாளிடம் யாரும் தேதி குறிப்பிடுவதில்லை.

சீனிவாசராகவன் குறிப்பிடாமலே குறித்துக்கொண்டார். அந்த வாரத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் எடை எண்பத்திரண்டு பவுண்டு என்றிருந்தது. யுத்தகாலம், வெல்லத்தைக் கண்ணால் காண்பதே அரிது. மண்டியாவில் வேலையிலிருந்த சித்தப்பா பிள்ளை நாணுவிடம் சொல்லி, துல்லியமாக எண்பத்திரண்டு பவுண்டு வரவழைத்து உள்ளறையில் வைத்துவிட்டார்.

அவள் பிழைத்தாள். நன்றாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிடில் ஜுரம் மறுபடி தாக்கக்கூடும், இரண்டாம் தடவை உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பாலும் நெய்யும் சோறும் கொடுத்தார்கள். உடம்பு திரும்பி வந்தது. போன வழியே வந்து, போன அளவோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் வந்தது. ஒருநாள் சீனிவாசராகவன் உள்ளறை மூட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அனந்தா, புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. ராத்திரி சாதம் வேண்டாமே."

"டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காரே?"

"டாக்டரா வேண்டிண்டார்? நான்னா வேண்டிண்டேன்."

"நான் பிழைக்கணும்னுதானே வேண்டிண்டேள்? பிழைச்சிருக்கேன், பாருங்கோ."

"பிழைக்கத்தான் சொன்னேன். இப்படியா?"

[இவ்விடத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தேன். என்னை வளர்த்தவர்களுக்கு அது பெருமை தராது என்பதால் கிழித்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மிச்சம் வைக்கிறேன்: செத்துப்போயிருந்தால் அவள் சரியான எடையில் இருந்திருப்பாள்.]

4

சனிக்கிழமை மாலைகளில், "காத்தாட நடந்துட்டு வரலாம், வா" என்று அழைப்பார். நடை சிட்டி ரயில் நிலையத்தில் போய் நிற்கும். அங்கே காசு போட்டால் எடை காட்டும் யந்திரம் இருக்கிறது. விழும் சீட்டின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஆங்கிலத்தில் ஆரூடம். நான்காம் பாரம் வரை படித்தவளாகையால் அவள் ஆரூடத்தை வாசிப்பாள்.

"'உங்கள் பெருந்தன்மையை உலகம் விரைவில் அறியும்'னு போட்டிருக்குன்னா."

"பின்பக்கத்தைப் பாரு. போன வாரத்துக்கு ரெண்டு பவுண்டு கூட."

சீட்டுகளைப் பஞ்சாங்கத்துக்குள் தேதிவாரியாகச் செருகி வைத்தார். இரவுச் சாதம் கஞ்சியாயிற்று, கஞ்சி மோராயிற்று. மண்டியாவிலிருந்து வந்திருந்த நாணு சாப்பாட்டு வேளையில், "என்ன மன்னி, நீங்க ஏறினப்போ மிஷின் ஒண்ணும் சொல்லலையா? 'ஒவ்வொருத்தரா ஏறுங்கோ'ன்னு?" என்றான்.

"அவர் சிரிச்சார்" என்றாள் என்னிடம். "நானும் சிரிச்சேன், டீச்சர். அதைத்தான் என்னால பொறுக்க முடியலை."*

* "அவர் அந்த யந்திரத்தில் ஏறிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். "தோணவே இல்லையே, எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள்.

ஐந்தாவது வாரம் பாத்திரம் தேய்க்கும்போது கண் இருண்டு சுவரில் சாய்ந்தாள். மாலையில் உடம்பு கதகதத்தது. அவரிடம் சொன்னதற்கு, "தலை சுத்தறதா? இன்னும் பத்து நாள்தானே, ஸ்வல்பம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றாராம். மறுநாள் காலையில்தான் நான் அவளைப் பூசினாற்போல் இருப்பதாகப் பாராட்டினேன். அவள் மதிலைப் பிடித்துக்கொண்டது பேச்சுவாக்கில் அல்ல, நிற்க முடியாததனால்.

5

பத்து நாட்கள் இருந்தன. நான் என்ன செய்தேன் என்று வாசகர்கள் கேட்கலாம். மேலே கண்ட நான்கு பகுதிகளையும் அவசரமாக எழுதி, சென்னையிலுள்ள ஒரு மாதப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தேன். மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் "அவளுக்குச் சோறு போடுங்கள்" என்று சொல்ல அஞ்சி, இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு எழுதினேன். இந்தப் பகுதியில் நான் எழுதிய சொற்களிலேயே உண்மையானது "அஞ்சி" என்பதுதான்.

ஆசிரியர் மறு தபாலிலேயே பதில் எழுதினார். "நடை தூய்மையாக உள்ளது. எனினும் கதாநாயகி மெலிந்தவளாக இருப்பின் வாசகரின் அனுதாபம் மிகும். கணவன் இறுதியில் மனம் திருந்துவதும் உசிதம்."

நான் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினேன். அதோடு நிற்கவில்லை. அவர் சொன்னபடியே அவளை இளைக்க வைத்தேன். கன்னத்தை ஒட்ட வைத்து, கைவளை நழுவ வைத்து, மதிலோரம் நின்று அவளுக்கே வாசித்தும் காட்டினேன்.

"இது யாரு, டீச்சர்?"

"நீங்கள்தான்."

"அவர் மூணு வேளையிலே ஒரு வேளையைத்தான் நிறுத்தினார். நீங்க என்னையே நிறுத்திட்டேளே."

அந்தப் பிரதியை அடுப்பில் போட்டேன்.

6

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கோவிலில் நிற்க இடமில்லை. மண்டபத்து உத்தரத்திலிருந்து சங்கிலிகளில் பெரிய மரத் தராசு தொங்கியது. ஒன்பது கஜப் புடவையில் அனந்தலக்ஷ்மி ஒரு தட்டில் ஏறிச் சம்மணமிட்டு அமர்ந்தாள். அவள் கண்கள் குழிந்திருந்தன. உடம்போ ஆறு வாரப் பட்டினிக்கும் அசைந்து கொடுத்ததாகத் தெரியவில்லை. நாணு மறுதட்டில் வெல்ல உருண்டைகளை அடுக்கினான். மூட்டை காலியாயிற்று. அவள் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

"வளையலைக் கழட்டு" என்றார் சீனிவாசராகவன், தணிந்த குரலில்.

கழற்றினாள்.

"தோட்டையும்."

கழற்றினாள். தட்டு எழும்பவில்லை. கூட்டத்தில் யாரோ, "இன்னொந்து மூட்டெ தரபேக்கு, ஸ்வாமி!" என்று கன்னடத்தில் கூவினார், இன்னொரு மூட்டை கொண்டுவர வேண்டுமாம். மண்டபம் சிரித்தது. பெண்களும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

சீனிவாசராகவன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "பட்டாச்சார் ஸ்வாமி, நான் வேண்டிண்ட நாள்ல இவ எண்பத்திரண்டு பவுண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு இதோ இருக்கு. பாருங்கோளேன்."

"பெருமாள் சீட்டெல்லாம் வாசிக்கறதில்லை, ஓய்" என்றார் பட்டாச்சாரியார். "தராசைத்தான் பாப்பார். இன்னும் வையும், இல்லேன்னா அவாளை இறங்கச் சொல்லும். உச்சிக்காலம் ஆயித்து, நடை சாத்தணும்."

"அனந்தா, இறங்கு. இன்னொரு மாசம் போகட்டும். கொஞ்சம் உடம்பைக் குறைச்சுண்டு வந்து—"

"இறங்க மாட்டேன்."

"என்னது?"

"இறங்க மாட்டேன்னேன். இது நீங்க அழுது கேட்டு வாங்கின உடம்பு. பெருமாள் கேட்டதுக்கு மேல ஒரு பிடி கூடவே குடுத்திருக்கார். நிறைச்சுட்டுக் கூப்பிடுங்கோ, எழுந்திருக்கறேன்."

"எல்லாரும் பாக்கறா, அனந்தா."

"நன்னாப் பாக்கட்டும். எட்டு மாசம் முன்னாடி பாக்கறதுக்கு நான் இருப்பேனான்னே தெரியலை." பிறகு நாணுவின் பக்கம் திரும்பினாள். "நின்னுண்டு என்னடா பண்றே? போ, வெல்லம் கொண்டு வா."

"இந்த யுத்தத்துல வெல்லத்துக்கு நான் எங்கே போறது, மன்னி?"

"மிஷினைக் கேளு. அது உன்கிட்டேதானே பேசும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

(நான் எங்கிருந்தேன்? பெண்கள் வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால். சிரித்தேனா என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சிரித்தேன். முதல் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது.)

7

முடிவு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் சீனிவாசராகவன் கண்ணீர் மல்கி, சீட்டைக் கிழித்தெறிந்து, "என்னை மன்னிச்சுடு, அனந்தா" என்று தழுதழுக்கிறார். இவ்வளவு நாள் பட்டினி கிடந்தவள் ஒருத்தி, கடைசிப் பத்தியில் பாராட்டுப் பெறுகிறவர் இன்னொருவர். இதற்கு நான் உடன்பட முடியாது.

இரண்டாவதில் பெண்கள் வீட்டுக்கு ஓடி, டப்பாவிலும் முந்தானையிலும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொண்டுவந்து தட்டில் வைக்கிறார்கள். தட்டு மெல்ல எழும்புகிறது. இதை எழுதும்போது அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இவ்வளவு மலிவாகப் பாவமன்னிப்பு எழுதிக் கொடுக்க நான் யார்?

மூன்றாவதில் அவளுக்கு மறுபடி கண் இருண்டு, தட்டிலேயே சரிந்து— இல்லை. எழுத மாட்டேன். அவளை வீழ்த்தித்தான் உங்கள் அனுதாபத்தைப் பெற வேண்டுமென்றால், மன்னிக்க வேண்டும், அது எனக்கு வேண்டாம்.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. சொன்னால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இந்த வாக்கியம் வரை அவள் தட்டில்தான் அமர்ந்திருக்கிறாள். கூட்டம் கலையவில்லை. பட்டாச்சாரியார் சாவிக்கொத்துடன் நிற்கிறார். சாத்துவதற்கு அவருக்கும் கை வரவில்லை. கணவர் ஒரு தடவை வாசலைப் பார்க்கிறார், ஒரு தடவை அவளைப் பார்க்கிறார். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

கோவில் கதவு திறந்துதான் இருக்கிறது. வெல்லம் இருப்பவர்கள் கொண்டு வரலாம். இல்லாதவர்கள், அவளுக்குக் குடிக்க ஒரு டம்ளர் பாலாவது கொண்டு வரலாம். ஒன்றும் இல்லாதவர்கள் சும்மா வந்து அவள் பக்கத்தில் நிற்கலாம். அதையும் இதுவரை யாரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. இப்போது தூணை விட்டு வெளியே வருகிறேன். வழிவிடுங்கள்.

"சரி, கடைசியில் அவள் எத்தனை பவுண்டுதான் இருந்தாள்?" என்று கேட்க வாயெடுக்கிறவர்கள் மட்டும் வெளியிலேயே நிற்கவும். இதை நான் மரியாதையாகச் சொல்லவில்லை.